பூதக்கண்ணாடிக்கு மீசை வைத்த கதை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. என் தங்கை கேட்டு வாங்கியது. போன மாதம் என் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அண்ணா, என்னைப் பத்தி ஒரு கதை எழுதேன். அம்மா படிக்கிற மாதிரி."

"எதுக்கு? நேரா அம்மாகிட்டயே சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்லலாம்னு போனா வாய் அடைச்சுக்குது. நீ பத்திரிகையில எழுதினாதான் கண்ணாடி போட்டு உக்காந்து படிக்கிறாங்க."

என் தங்கையின் மனதில் ஓர் ஆள் இருக்கிறது. அம்மாவுக்கு அது தெரியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கல்யாணப் பேச்சை எடுப்பார். "பார்க்கலாம்மா" என்று இவள் நழுவிவிடுவாள். "இந்தப் பொண்ணு மனசுல என்னதான்டா இருக்கு, முகத்தைப் பார்த்தா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதே" என்று அம்மா என்னிடம் கண் கலங்கியதும் உண்டு. ஆக, இந்தக் கதைக்கு ஒரு வேலை இருக்கிறது. அம்மாவுக்கு விஷயம் தெரிய வேண்டும், அவர் மனசும் உடையக் கூடாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அம்மா எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். யார் சாகிறார்கள், யார் சேர்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நிம்மதியாக முதல் பக்கத்துக்கு வருவார். இப்படிப்பட்ட வாசகிக்கு எழுதுகிறவன் பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது." அடித்துவிட்டேன். அவள் வேலை செய்கிற அறையில் ஜன்னலே கிடையாது.

இரண்டாவது: "காதல் என்பது ஒரு" (இதற்கு மேல் ஓடவில்லை. ஓடியிருந்தாலும் அம்மா தாண்டிப் போயிருப்பார்.)

மூன்றாவது: "அவள் முகங்களைச் செய்கிறவள்." இது இருக்கட்டும்.

அவள் வேலை செய்வது வீடியோ கேம் தயாரிக்கிற இடத்தில். இப்போது செய்வது ஒரு நீளமான கதை விளையாட்டு. அதில் நீங்கள்தான் பயணி. ஆணாகவும் போகலாம், பெண்ணாகவும் போகலாம். காடு மலையெல்லாம் சுற்றுகிறீர்கள், வழியில் மூன்று பேர் துணைக்குச் சேர்கிறார்கள்: தளபதி, வைத்தியர், படகுக்காரி. மூவரில் யாரை வேண்டுமானாலும் நீங்கள் காதலிக்கலாம். திரையில் நாலைந்து பதில்கள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பயணி அதைப் பேசுவார். பேசும்போது பயணியின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் என் தங்கையின் பொறுப்பு. திரையில் முகம் முழுக்கப் புள்ளிகள் இருக்கும். புருவத்துப் புள்ளியைக் கொஞ்சம் தூக்கினால் சந்தேகம், உதட்டோரப் புள்ளியை இறக்கினால் வருத்தம். மேசையில் ஒரு வட்டக் கண்ணாடி வைத்திருக்கிறாள். எந்த முகமானாலும் முதலில் அதன் முன் தான் செய்து பார்த்துவிட்டுத்தான் புள்ளியில் கை வைப்பாள்.*

(* நான் ஒருமுறை அவள் ஆபீஸுக்குப் போனபோது பேய் பிடித்தவள் மாதிரி கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் கண்டுகொள்ளவே இல்லை.)

நாள் முழுக்க அழுது, சிரித்து, முறைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவள் முகம், கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கும். உள்ளதையெல்லாம் ஆபீஸிலேயே செலவழித்துவிடுகிறாள் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. அதற்கும் அந்தத் தட்டு அசையாது.

3

இப்போது அந்த ஆள்.

விளையாட்டை விற்பனைக்கு விடுவதற்கு முன்னால் அதை ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க ஆட்கள் உண்டு. எல்லாச் சுவரிலும் முட்டிப் பார்க்க வேண்டும். மூன்று பேரையும் மாற்றி மாற்றிக் காதலித்துக் கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டும். அப்படி ஒருவரைத்தான் அந்த ஆபீஸில் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். தூசியைக்கூட விடாத கண். ஒல்லியாக, உயரமாக, அரும்பு மீசையோடு [மீசை நான் சேர்த்தது. ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்] இருப்பான்.

ஒருநாள் பூதக்கண்ணாடி என் தங்கையின் மேசைக்கு வந்து நின்றான்.

"படகுக்காரிகிட்ட 'காலம் பூரா உன்கூடவே இருந்துடறேன்'னு சொன்னேன். சொல்லும்போது என் முகம் பஸ்ஸுக்கு நிக்கிற முகமா இருக்கு."

போட்டுப் பார்த்தாள். உண்மைதான். தளபதியோடு பயணிக்கு ஏழு சந்திப்புகள். வெட்கம் உண்டு, ஊடல் உண்டு, கண்ணோரத்தில் நீர்கூட உண்டு. படகுக்காரியோடு இரண்டே சந்திப்பு. இரண்டாவதில்தான் அந்தப் பஸ் ஸ்டாப் முகம்.

மேலாளரிடம் போனார்கள். அவர் கெட்டவர் இல்லை, அவசரத்தில் இருப்பவர்.

"படகுக்காரியைத் தேடிப் போறவங்க நூத்துக்கு நாலு பேரு. நாலு பேருக்காக ஒரு வாரம் வேலையைக் கெடுத்துக்கணுமா? வெறும் முகமா இருக்கட்டும் விடுங்க. ஆடுறவங்க அவங்கவங்க உணர்ச்சியை அதுல போட்டுக்குவாங்க."

"அப்போ தளபதி முன்னால மட்டும் ஏன் சார் வெறும் முகம் இல்ல?" என்றான் பூதக்கண்ணாடி. "அந்த நாலு பேர்ல நான் ஒருத்தன்."

விளையாட்டுதானே, இதற்கா இவ்வளவு என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. பிறகு யோசித்தேன். படகுக்காரியைத் தேர்ந்தெடுத்தவரும் அதே விலை கொடுத்துத்தான் வாங்குகிறார், அதே காட்டைத்தான் தாண்டி வருகிறார். கடைசியில் மனசைத் திறந்து ஒரு வார்த்தை சொல்கிறார். அந்த நேரத்தில் அவருடைய முகமே அவரைக் கைவிட்டுவிடுகிறது. வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு நாற்காலி போடாமல் நிற்க வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஓரவஞ்சனை என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

4

அதன் பிறகு என் முதல் பிரதி இப்படி முடிந்தது:

"மேலாளர் ஒத்துக்கொண்டார். அவள் அந்த முகத்தைச் செய்து முடித்தாள். பூதக்கண்ணாடி மீசையைத் தடவிக்கொண்டே தன் காதலைச் சொன்னான். அவள் சிரித்தாள். அம்மாவுக்கும் அவனைப் பிடித்துப் போயிற்று."

தங்கையை வரவழைத்துப் படிக்கக் கொடுத்தேன். சமையலறையில் உட்கார்ந்து படித்தாள். அந்தத் தட்டு முகம் அசையவில்லை. நான் டீ போட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா."

"ம்."

"அவளுக்குப் போய் மீசை வெச்சுட்டியே."

ஆமாம், வாசகரே. பூதக்கண்ணாடி ஒரு பெண். உயரம், ஒல்லி, தூசியை விடாத கண் எல்லாம் நிஜம். வாசலில் செருப்போடு நின்ற அன்றைக்கே தங்கை என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தெரிந்தேதான் மாற்றினேன்.

"அம்மாவுக்காகத்தான். முதல்ல ஒரு ஆள் இருக்குன்னு தெரியட்டும். அப்புறம் மெதுவா..."

"ஆபீஸ்லயும் இதைத்தான் சொன்னாங்க. முதல்ல தளபதி, அப்புறம் நேரம் இருந்தா படகுக்காரின்னு." தாளை மேசையில் வைத்தாள். "கண்ணாடி முன்னால நடந்ததை உனக்கு ஒண்ணு விடாம சொன்னேனே, அது எங்கே? 'அவள் சிரித்தாள்'னு ஒரே வரியில முடிச்சுட்டே. நான் சிரிக்கவே இல்லையே அண்ணா."

அவள் கண் நிறைந்துவிட்டது. வீட்டில் அந்த முகத்தில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. டீ பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

5

நான் விட்டுவிட்ட படகுக்காரியின் பங்கை இப்போது வைக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். பயணி ஆணாக இருந்து படகுக்காரியிடம் காதலைச் சொன்னால் முகம் ஒழுங்காகவே இருந்தது. பெண்ணாக இருந்து சொன்னால்தான் பஸ் ஸ்டாப். அதோடு போகவில்லை. படகுக்காரி அந்தப் பெண் பயணியின் தோளில் தட்டி, "உன்னை மாதிரி ஒரு தோழி யாருக்குக் கிடைப்பா?" என்று சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மேலாளர் சொன்ன நூற்றுக்கு நாலு, அந்த வழியாகப் போகிறவர்கள்தான்.

"அந்த நாலு பேர்ல நான் ஒருத்தி" என்று பூதக்கண்ணாடி சொன்னதும் மேலாளர் பேனா மூடியைக் கழற்றினார், போட்டார். "சரி, ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சு காட்டுங்க, பார்க்கலாம்" என்றார். என் தங்கை அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் தனக்கும் சேர்த்து ஒருத்தி பேசிவிட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஒரே கண்ணாடி, முன்னால் இரண்டு நாற்காலி. தங்கை ஒரு சிரிப்பைச் செய்து காட்டினாள்.

"பல் டாக்டருக்குக் காட்டுற மாதிரி இருக்கு" என்றாள் பூதக்கண்ணாடி.

இன்னொன்று.

"இது பரிசு விழுந்த முகம். ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணுகிட்ட இதைச் சொல்லிட்டு உடனே சிரிச்சுடுவாளா?"

"வேற எப்படித்தான் இருக்கும்?"

"சொல்லிப் பார்த்தாதான் தெரியும்."

பூதக்கண்ணாடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்குள் இருந்த என் தங்கையைப் பார்த்தாள். "காலம் பூரா உன்கூடவே இருந்துடறேன்" என்றாள். விளையாட்டில் வருகிற அதே வரிதான். ஆனால் குரல் பாதியில் தடுக்கியது.

"யாரு சொல்றா, பயணியா?" என்று கேட்டாள் தங்கை.

"நான்தான்."

கண்ணாடிக்குள் இரண்டு முகங்கள். சொன்னவளின் புருவம் லேசாக ஏறியிருந்தது. வாய் மூடவில்லை, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பதுபோல் திறந்தே இருந்தது. அதில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. பயம்தான் இருந்தது. பதிலுக்குக் காத்திருக்கிறவளின் பயம்.

இந்த இடத்தில் என் தங்கை என்ன செய்தாள் தெரியுமா? [இதை நான் சொந்தமாக யோசித்திருக்கவே முடியாது.]

"அப்படியே இரு, அசையாதே!" என்று சொல்லிவிட்டுப் புள்ளிகளைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அடிப்பாவி, பதில் சொல்லுடி!"

"சொல்றேன், இரு. இந்தப் புருவத்தைப் பிடிச்சுக்கறேன்."

பிடிக்க முடியவில்லை. மவுஸ் எங்கோ இழுத்துக்கொண்டு போனது. பயணியின் புருவம் நெற்றியைத் தாண்டித் தலைக்கு மேலே போய் நின்றது. அதைப் பார்த்ததும் பூதக்கண்ணாடி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். என் தங்கை சிரிக்கவில்லை. மவுஸை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் அப்படித்தான்" என்றாள். அழுதுகொண்டே சொன்னதாக என்னிடம் சொன்னாள்.

மறுநாள் அந்தக் காட்சியை மேலாளர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். பெண் பயணி சொல்கிறாள், புருவம் ஏறக் காத்திருக்கிறாள். படகுக்காரி தோளில் தட்டவில்லை. துடுப்பைக் கீழே வைக்கிறாள்.

"இது இருக்கட்டும்" என்றார் மேலாளர். "இதை யாரும் எடுத்துடாதீங்க."

6

அம்மா இதைப் படித்ததும் என்ன நடக்கும் என்று மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: அம்மா பத்திரிகையை மூடிவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போகிறார். வெகுநேரம் இறங்கி வரவில்லை.

இரண்டு: அம்மா போன் செய்கிறார். "அந்தப் பொண்ணு காரம் சாப்பிடுமா?"

மூன்று: அம்மா என்னைக் கூப்பிட்டு

தங்கை மூன்றையும் அடித்துவிட்டாள். "அம்மா முகத்தை நீ செய்யாதே."

"அப்போ வெறும் முகமா விட்டுடவா? உங்க மேலாளர் மாதிரி?"

"அது வேற அண்ணா. அது அவர் செஞ்சிருக்க வேண்டிய முகம், செய்யாம விட்டாரு. இது அம்மாவோட முகம்."

7

அம்மா, நீங்கள் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பீர்கள் என்று தெரியும். யாரும் சாகவில்லை. சேர வேண்டியவர்கள் சேர்ந்துவிட்டார்கள். இப்போது முதல் பக்கத்துக்குப் போங்கள். அவசரம் இல்லை, நிதானமாகவே படியுங்கள்.

படித்துவிட்டீர்களா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வராது. காலிங் பெல் அடிக்கும். வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். உயரமாக, ஒல்லியாக இருப்பவளுக்கு மீசை இருக்காது. பக்கத்தில் நிற்கிறவளை உங்களுக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்தை இதற்கு முன் நீங்கள் இப்படிப் பார்த்ததில்லை. புருவம் லேசாக ஏறியிருக்கும், வாய் பாதி திறந்திருக்கும். இந்த மனசில் என்னதான் இருக்கிறது என்று இத்தனை நாள் கேட்டீர்களே, அது அங்கே அப்படியே இருக்கும். கதவு திறந்ததும் அவள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். அதற்கு இடம் விட்டிருக்கிறேன்.

[                    ]

வாசகரே, அம்மா உள்ளே இன்னும் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். பெல் அடித்துவிட்டது. பாவம், பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். நீங்கள் போய்க் கதவைத் திறங்கள்.