காலி நாற்காலிக்கு ஒரு முத்திரை

தன் மனைவி தன் மனைவிதான் என்பதற்கு அயல்நாட்டுத் தூதரகம் ஒன்று முத்திரை குத்த வேண்டும் என்று கேள்விப்பட்டபோது, ஓய்வு பெற்ற சர்வேயர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

"நாற்பது வருஷத்துக்கு மேல என்கூடக் குடித்தனம் பண்றவளை என் பெண்டாட்டின்னு சொல்ல எவன் கையெழுத்து எனக்கு வேணும்? நம்ம குடும்பத்துல இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்டதுண்டா?"

"கையைக் கழுவிட்டுக் கத்துங்க" என்றாள் மனைவி.

தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் மகள் பொறுமையாகத்தான் பேசினாள். "அப்பா, யாரும் சந்தேகப்படலை. உங்க ரெண்டு பேரையும் சேர்த்து இங்க கூப்பிடணும்னா கல்யாண சர்டிபிகேட் வேணும், அதுல இந்த நாட்டு எம்பசி முத்திரை வேணும். எல்லாருக்கும் இதுதான் ரூல். குழந்தை பொறக்கும்போது அம்மா பக்கத்துல இருக்கணும்பா. எனக்குப் பயமா இருக்கு."

கடைசி மூன்று சொற்கள் இல்லாமல் இருந்திருந்தால் சர்வேயர் அசைந்திருக்க மாட்டார். ஊரார் நிலத்தை எல்லாம் அளந்து கல் நட்ட மனிதர். அவர் முதுகும் நட்ட கல்தான். ஆனால் பிள்ளை பயப்படுகிறாள் என்றால் அது வேறு கணக்கு. மறுநாளே சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

திருமணத்தை அவர்கள் பதிவு செய்ததே இல்லை. ஆகவே பதிவு அலுவலகத்தில், பேரன் பேத்தி எடுக்கும் வயதில், புதுமணத் தம்பதிகளின் வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்த இளம்பெண் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கும் வீட்டுல சம்மதிக்கலையா பாட்டி?" என்று கேட்டாள். மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். சர்வேயர் சுவரைப் பார்த்தார். உறவினர் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட, சான்றிதழ் வந்தது. வெளியுறவு அமைச்சகத்தில் அதன் பின்பக்கத்தில் ஒரு முத்திரை விழுந்தது. மீதி இருந்தது தூதரகம் ஒன்றுதான்.

அங்கேதான் வண்டி நின்றது.

தூதரகத்தில் கண்ணாடித் தடுப்பு. பேசுவதற்கு அதில் ஒரு துளை. அந்தத் துளையை எந்தப் புண்ணியவானோ இடுப்பு உயரத்தில் வைத்திருந்தான். வந்தவர்கள் எல்லாரும் குனிந்து, துளையில் வாயை வைத்துக் கெஞ்சுவதுபோல் பேசினார்கள். சர்வேயர் குனியவில்லை. நிமிர்ந்து நின்று கண்ணாடிக்கு மேலே குரலை வீசினார். எனவே அவர் விஷயம் கூடம் முழுவதற்கும் தெரிந்துபோனது.

"கல்யாணம் நடந்தது அந்தக் காலத்துல, பதிவு பண்ணினது போன மாசம்" என்றாள் உள்ளே இருந்த பெண். "இப்படி இருந்தா கல்யாணத்தன்னிக்கு எடுத்த போட்டோ ஒண்ணு கேப்போம் ஐயா. இருக்கா?"

சர்வேயர் வாயைத் திறப்பதற்குள் மனைவி கைப்பையைத் திறந்தாள். அவருக்குச் சுருக்கென்றது. அந்தப் படத்தை அவள் கொண்டுவந்திருப்பாள் என்று அவர் நினைக்கவே இல்லை.

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மணக்கோலத்தில் ஒரு சின்னப் பெண் சிங்கமுகக் கைப்பிடி வைத்த நாற்காலியின் முதுகில் கை வைத்து நிற்கிறாள். நாற்காலியில் யாரும் இல்லை.

"மாப்பிள்ளை எங்கேம்மா?"

"அந்த நாற்காலிதான்" என்றாள் மனைவி.

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சர்வேயருக்குக் காது மடல் வரை சூடேறியது.

நடந்தது இதுதான். திருமணம் முடிந்த கையோடு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். மாப்பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்த ஸ்டூடியோக்காரர், "கொஞ்சம் நிமிருங்க" என்று சொல்லி, இரண்டு விரலால் அவர் மோவாயைத் தூக்கினார். தன் அப்பாகூடத் தொட்டுத் திருத்தாத மோவாய் அது. நிமிர்ந்தே பிறந்தவனை நிமிரச் சொல்ல இவன் யார் என்று மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். மாமனார் கெஞ்சியும் திரும்பவில்லை. பெண்ணின் படமாவது இருக்கட்டும் என்று மாமனார் சொல்ல, காலி நாற்காலியோடு படம் எடுக்கப்பட்டது. அதை வீட்டுச் சுவரில் மாட்டச் சர்வேயர் இன்றுவரை விட்டதில்லை.

"இது போதாதும்மா" என்றாள் கண்ணாடிக்குள் இருந்தவள். குரலில் இரக்கம் இருந்தது. "அன்னிக்கு நேர்ல பார்த்த ஒருத்தர், சொந்தக்காரரா இல்லாதவர், வக்கீல் முன்னாடி சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கட்டும். உங்க ரெண்டு பேர் சேர்ந்திருக்கிற புது போட்டோ ஒண்ணும் வேணும். கொண்டு வந்தா முத்திரை போட்டுடலாம்."

வெளியே வந்து படிக்கட்டில் நின்றார்கள். திருமணத்துக்கு வந்த பெரியவர்கள் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை. மிஞ்சியவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள்.

"ஒருத்தர் இருக்காரே" என்றாள் மனைவி.

"அவன்கிட்ட நான் போக மாட்டேன்."

"சரி. அப்போ நான் மட்டும் போய்ப் பொண்ணுகிட்டச் சொல்லிடறேன், உங்கப்பாவோட மோவாய் விடமாட்டேங்குதுன்னு."

சர்வேயர் விறுவிறுவென்று படியிறங்கி நடந்தார். நடந்த திசை என்னவோ ஸ்டூடியோ இருந்த தெருதான்.

கடையின் முகப்பு மாறியிருந்தது. உள்ளே கணினி வந்திருந்தது. ஆனால் மூலையில் அதே சிங்கமுக நாற்காலி, புதுத் துணி போர்த்தி, கம்பீரமாக இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஸ்டூடியோக்காரர் எட்டிப் பார்த்தார். தலையில் முடி இல்லை. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"வாங்க மாப்பிள்ளை! இவ்வளவு நேரமா வெளியிலயா நின்னீங்க?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சர்வேயர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"என்னை ஞாபகம் இருக்கா?"

"ஞாபகமா! எத்தனையோ கல்யாணம் எடுத்தேன். எல்லா மாப்பிள்ளையும் எனக்கு ஒரே மூஞ்சிதான். எழுந்து போன மாப்பிள்ளை நீங்க ஒருத்தர்தானே? செத்தாலும் மறக்க மாட்டேன்."

மனைவி விஷயத்தைச் சொன்னாள். கேட்டு முடிப்பதற்குள் அவர் கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு, பக்கத்துக் கட்டடத்து நோட்டரி வக்கீலிடம் அவர்களை அழைத்துப் போய்விட்டார். அங்கே போன பிறகுதான் சர்வேயருக்கு உண்மையான பயம் வந்தது. படத்தில் மணமகன் ஏன் இல்லை என்று பத்திரத்தில் காரணம் எழுத வேண்டுமாம். வக்கீல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

'கோபித்துக்கொண்டு ஓடினார்' என்று எழுதினால்? அதை மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, இன்னொரு நாடு வரை படித்துச் சிரிக்குமே! முன்னோர் கட்டிக் காத்த பெயர் இவன் நாக்கு நுனியில் தொங்குகிறதே!

ஸ்டூடியோக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"எழுதுங்க சார். மணமகனைப் படத்துக்காகச் சரிசெய்யும்போது, அனுமதி கேட்காமல் அவர் மோவாயைத் தொட்டேன். தன் மரியாதைக்கு அது குறைவு என்று கருதிய மணமகன் எழுந்து சென்றார். இந்த அம்மாளின் கணவர் அவரே என்பதை, அன்று அவர் என்னைப் பார்த்த பார்வையை வைத்து இன்றும் அடையாளம் சொல்வேன்."

வக்கீல் நிமிர்ந்தார். "பார்வையை எல்லாம் எழுதணுமா?"

"அது இருக்கட்டும்" என்றார் சர்வேயர். "உள்ளதைத்தானே சொல்றார்." அன்றுதான் முதல் தடவையாக அவர் வாயில் அந்த மனிதருக்கு 'ர்' விழுந்தது.

திரும்பி வந்து படத்துக்கு உட்கார்ந்தார்கள். தூதரகத்துக்கு இருவர் முகமும் சமமாகத் தெரிய வேண்டும் என்பதால், சிங்கமுக நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடப்பட்டது. சர்வேயர் சிங்கத்தின் மேல் கை வைத்தார். வழவழவென்று இருந்தது. தாம் விட்டுப்போன இடத்தில் எத்தனை மாப்பிள்ளைகள் கை வைத்துத் தேய்த்தார்களோ!

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஸ்டூடியோக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எல்லாம் சரி... மோவாய் மட்டும் ஒரு பொட்டு... வேண்டாம், நான் சொல்லலை சாமி."

"நிமிர்ந்துதான் இருக்கேன்."

"நெஞ்சு நிமிர்ந்திருக்கு. வயசாயிடுச்சுல்ல, மோவாய் மட்டும் கீழ பாக்குது."

அப்போது மனைவி திரும்பி, ஆட்காட்டி விரலால் அவர் மோவாயை மெல்லத் தூக்கி நிறுத்தினாள்.

"நான் தொட்டா எழுந்து போக மாட்டீங்களே?"

பளிச்சென்று விளக்கு அடித்தது.

"ஐயோ, விரல் விழுந்துடுச்சு!" என்றார் ஸ்டூடியோக்காரர், கொஞ்சமும் வருத்தம் இல்லாமல். "எம்பசிக்கு இன்னொண்ணு எடுக்கறேன். ஏம்மா, இந்த யோசனை அன்னிக்கே வந்திருக்கக் கூடாதா?"

"அன்னிக்கு நான் புதுப் பொண்ணு. சிரிப்பை அடக்கவே சரியா இருந்தது."

"சிரிச்சியா?" சர்வேயர் திடுக்கிட்டுத் திரும்பினார். "நான் எழுந்து போறப்போ நீ சிரிச்சியா?"

"படத்தை ஒரு நாளாவது பார்த்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். உண்மைதான். உதட்டைக் கடித்துக்கொண்டு, காலி நாற்காலியைப் பிடித்தபடி, இதோ வெடிக்கப் போகிறாள் என்பதுபோல் நிற்கிறாள் பெண். வெட்கப்பட்டோ அழுதோ நின்றிருப்பாள் என்றுதான் அவர் இத்தனை காலமும் நினைத்து, அந்தப் படத்தின் பக்கம் திரும்பாமலே இருந்தார்.

அடுத்த வாரம் தூதரகத்தில் அதே பெண் பத்திரத்தைப் படித்தாள். 'பார்வை' என்ற இடம் வந்ததும் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. பிறகு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளிருந்து அந்நிய மொழியில் ஒரு பெரிய சிரிப்பு கேட்டது. நெட்டையான அதிகாரி ஒருவர் கதவைத் திறந்து தலையை நீட்டி, சர்வேயரைத் தேடிக் கண்டுபிடித்து, தன் மோவாயை ஒரு கையால் மூடிக்கொண்டு, மறு கையால் வணக்கம் போட்டார். சர்வேயர் கம்பீரமாகத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். இது கேலி அல்ல, மரியாதை என்று முடிவு செய்தார். அந்த முடிவு சரிதான்.

சான்றிதழின் பின்பக்கத்தில் முத்திரை அழுத்தமாக விழுந்திருந்தது. இவர் குனியமாட்டார் என்று தெரிந்து, அதைக் கொடுப்பதற்காகப் பெண் எழுந்து நின்றாள். அவள் உட்கார்ந்துதான் இருப்பாள் என்று நினைத்து, நன்றி சொல்வதற்காகச் சர்வேயர் அதே நொடியில் துளைக்குக் குனிந்தார். இரண்டு பேரும் கண்ணாடியின் இரு பக்கமும் ஒருவரை ஒருவர் தேடினார்கள்.

பயணப் பெட்டியை மனைவி அடுக்கும்போது சர்வேயர் பக்கத்தில் வந்து நின்றார். பழைய படமும், விரல் விழுந்த புதுப் படமும் ஒரே சட்டத்துக்குள் போடப்பட்டு அவர் கையில் இருந்தன.

"இதையும் வை."

"பேரப்புள்ள வளர்ந்து, பழைய படத்துல தாத்தா எங்கேன்னு கேட்டா?"

"நாற்காலிதான்னு சொல்லு" என்றார் சர்வேயர். நிமிர்ந்துதான் சொன்னார்.