நகம் பட்ட வரிசை

தொழிற்சாலைக்குப் போகிற சாலையின் இரண்டு பக்கமும் சேர்த்து இருநூறு வேப்பங்கன்றுகள். கிழக்கு வரிசை என்னுடையது, மேற்கு வரிசை அப்பாவுடையது. தண்ணீர்த் தொட்டி ஏற்றிய டிராக்டரை நடுவில் நிறுத்திவிட்டு ஆளுக்கொரு குழாயை இழுத்துக்கொண்டு போவோம். வாரத்துக்கு இரண்டு நாள், கன்றுக்கு இரண்டு வாளி அளவு. பாத்தியில் நிற்கும் தண்ணீரை மண் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து மறுபடி ஊற்ற வேண்டும். தினமும் மேலாக நனைத்தால் வேர் சோம்பேறியாகிவிடும், கீழே இறங்காது. ஊற்றியபின் பாத்தியில் காய்ந்த சருகைப் பரப்புவோம். மழை பெய்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இந்த வேலையோடு ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். மோட்டார் அறையை ஒட்டி இரண்டு அறைகள். அதற்கு முன் இரண்டு வருடம் பெரியப்பா வீட்டுக் கூடத்தில், ஒரு போர்வையைக் குறுக்கே கட்டிவிட்டு அதற்குப் பின்னால் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். பெரியம்மா இருமினால் எங்களைத்தான் சொல்கிறாள் என்று அம்மா சொல்வாள். அங்கே இருந்தபோதுதான் நான் பள்ளிக்கூடம் போவது நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்புறம் யாரும் கேட்கவில்லை.

கோடை முடிவதற்குள் கம்பெனியிலிருந்து வந்து எண்ணுவார்கள். இருநூறில் நூற்று அறுபது உயிரோடு இருந்தால் வேலையும் வீடும் இன்னும் மூன்று வருடத்துக்கு எங்களுக்கு. குறைந்தால் வேறு குடும்பம் வரும். நாங்கள் போர்வைக்குப் பின்னால் போக வேண்டியதுதான்.

போன வருடம் வேறொரு சாலையில் அப்பாவுக்கு இதே வேலை. அங்கே முப்பது கன்றுகள் எப்போதோ செத்துப்போயிருந்தன. அது தெரியாமல் அப்பா ஒரு மாதம் அவற்றுக்கும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மேற்பார்வைக்கு வருகிறவர் ஒன்றைப் பிடித்து மடக்கினார். சுள்ளி மாதிரி ஒடிந்தது. "என்னய்யா, பொணத்துக்கா இத்தனை நாளா தண்ணி காட்டிட்டிருந்த?" என்றார். கூட நின்ற வேலைக்காரர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லை.

அந்த மேற்பார்வையாளரே இந்தச் சாலைக்கும் மாற்றலாகி வந்தார். வெயிலோ நிழலோ குடை இல்லாமல் காரைவிட்டு இறங்க மாட்டார் என்பதால் எங்கள் வீட்டில் அவர் பெயர் குடைக்காரர்.

அதனால் இங்கே அப்பா ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு கன்றின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் தண்டில் ஓர் அரிசி அளவு தோலைச் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பார்த்தபின்தான் குழாயைத் திருப்புவார். பழைய கீறல் காய்ந்து பழுப்பாகியிருக்கும், அதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. ஆகவே அடுத்த முறை அதன் பக்கத்தில். அதற்கடுத்த முறை அதற்கும் பக்கத்தில். வாடினமாதிரி இருக்கிற கன்றுக்கு இரண்டு கீறல்.

ஒரு நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். இரண்டு வரிசைக்கும் நானே ஊற்றினேன். மேற்கில் முதல் கன்றுக்குச் சருகை ஒதுக்கக் குனிந்தபோது அதைப் பார்த்தேன். தண்டைச் சுற்றி முழங்கால் உயரத்தில் கீறல்கள் ஒன்றுசேர்ந்து ஒரு வளையம். தோலே இல்லை. வளையத்துக்கு மேலே தண்டு வீங்கியிருந்தது, இறுகின மோதிரம் போட்ட விரல் மாதிரி. தலையில் இலை பச்சையாகத்தான் இருந்தது.

என் வரிசையில் இரண்டாம் மாதமே ஒன்று இப்படிப் போயிருக்கிறது. ஊன்றுகோலில் கட்டின கயிறு தண்டை அறுத்துக்கொண்டே போனதை நான் கவனிக்கவில்லை. பல வாரம் பச்சையாக நின்று, இரண்டே நாளில் கருகியது. பிடுங்கியபோது வேர் கறுத்து நொழுநொழுவென்று இருந்தது. இலை செய்கிற சாப்பாடு தோல் வழியாகத்தான் வேருக்குப் போகும் என்று ஏழாம் வகுப்பில் படித்தது அப்போது ஞாபகம் வந்தது. பிரயோஜனப்படாத நேரத்தில்.

மேற்கு வரிசையை எண்ணினேன். வளையம் முழுதாக மூடினவை அறுபத்து மூன்று. எனக்குப் பயம் வரவில்லை. குழாயை எடுத்து இரண்டாவது வாளியை ஊற்றினேன்.

அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது.

"வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருப்ப. இன்னைக்கு என்னடி அதிசயமா பேச்செல்லாம் வருது?" என்றாள். நான் சொல்லி முடித்ததும் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை விட்டுவிட்டாள்.

"எப்போ சாகும்?"

"ஒரு மாசம். ரெண்டு மாசம். தெரியல. இப்பவே வளையத்துக்குக் கீழ வெட்டிட்டா அடியிலருந்து துளிர்க்கலாம். வேர்ல இன்னும் தெம்பு இருந்தா."

"வெட்டிட்டா எண்ண வர்றப்போ என்ன நிக்கும்?"

"குச்சி."

அம்மா அடுப்பைத் தணித்தாள். "எண்ணிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் உங்கப்பா காதுல போடாத. அந்த மனுஷன் தாங்க மாட்டாரு."

பன்னிரண்டு நாள் நான் சொல்லவில்லை. அப்பா காய்ச்சல் தெளிந்து வந்து மறுபடி சுரண்ட ஆரம்பித்தார். எதிர் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த குழாய் ஒரே பாத்தியை நிரப்பி வழிந்து என் காலை நனைத்தது.

குடைக்காரர் வந்தார். காரை மெதுவாக ஓட்டச் சொல்லி உள்ளேயிருந்தே எண்ணினார். பாதியில் இறங்கி நாலைந்து கன்றுகளின் இலையைத் தொட்டுப் பார்த்தார்.

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு. பரவாயில்லையே. போன வருஷம் வாங்கின பேருக்கு இந்த வருஷம் பிராயச்சித்தம் பண்ணிட்ட."

"ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்து ஊத்தினதுங்க சார்," என்றார் அப்பா.

அன்று மாலை அப்பா பாட்டு மாதிரி எதையோ முனகினார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பிட்டு முடித்து அவர் கை கழுவும்போது சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று ஞாபகம் இல்லை. அறுபத்து மூன்று என்பதை மட்டும் சரியாகச் சொன்னேன்.

அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். முதல் கன்றில் வளையத்தைச் சுற்றி விரலை ஓட்டினார். இரண்டாவதில் ஓட்டினார். எட்டாவதோடு நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"காய்ச்சல்ல கெடந்தீங்களே, அப்போ."

"அம்மாவுக்கு?"

நான் பாத்திச் சருகைக் கிளறினேன். அப்பா தலையாட்டினார்.

காலையில் குடைக்காரருக்குப் போன் செய்யப் போனார். அம்மா குறுக்கே வந்து நின்றாள். "ஏங்க, எண்ணி எழுதிட்டுப் போனதக் கூப்பிட்டு அழிக்கச் சொல்றவன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். பேசாம வெட்டுங்க. கேட்டா ஆடு மேஞ்சிடுச்சுன்னு சொல்லுவோம்."

"அவங்களா கண்டுபிடிச்சா மறுபடியும் சிரிப்பாங்க. நானே சொல்லிட்டா சிரிக்க மாட்டாங்க," என்றார் அப்பா.

குடைக்காரர் சிரிக்கவில்லை. போனிலேயே, "வெட்டு. நாப்பது நாள் கழிச்சு வந்து திரும்ப எண்ணுறேன். எனக்கும் மேல ஆள் இருக்குய்யா," என்றார்.

இரண்டு காலையில் வெட்டி முடித்தோம். நான் தண்டைப் பிடித்துக்கொள்ள, அப்பா வளையத்துக்கு ஒரு சாண் கீழே அரிவாளை வைத்து இழுத்தார். வெட்டின தலைகள் இலையோடு டிராக்டரில் குவிந்தன. பார்க்கச் செழிப்பாக இருந்தன. பிறகு பழையபடி வாரத்துக்கு இரண்டு நாள், குச்சிக்கு இரண்டு வாளி. அப்பா ஊற்றும்போது ஒரு கை குழாயில் இருக்கும், மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். மழை வரவில்லை.

நாற்பதாவது நாள் துளிர்த்திருந்தவை இருபத்தொன்று. மொத்தம் நூற்று ஐம்பத்து மூன்று. குடைக்காரர் இந்த முறை இறங்கி நடந்தார். இரண்டு தரம் எண்ணினார். "ஏழுதான்யா குறையுது," என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா "ஆமாங்க" என்றார். மாதக் கடைசிவரை இருந்துகொள்ளச் சொன்னார்கள்.

பெரியப்பாவுக்கு அம்மாதான் போன் செய்தாள். பேசி முடித்துவிட்டுப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். என்னைத் திட்டவில்லை. திட்டுவாள் என்று மூன்று நாள் காத்திருந்தேன்.

கிளம்புகிற அன்று புதுக் குடும்பம் வந்தது. கணவனும் மனைவியும், இடுப்பில் ஒரு குழந்தை. ஆண்கள் மோட்டாரைப் பார்க்கப் போனார்கள். அந்த அக்காவை நான் மேற்கு வரிசைக்குக் கூட்டிப்போனேன். முன்பின் தெரியாதவர்களிடம் நான் பேசுவதில்லை. ஆனால் அன்று அப்பா மோட்டார் அறையைவிட்டு வெளியே வரவில்லை. வேறு யார் சொல்வது?

"வாரத்துக்கு ரெண்டு நாள். ஒண்ணுக்கு ரெண்டு வாளி. மண்ணு குடிச்சப்புறம் ரெண்டாவது."

"இந்த மொட்டைக் குச்சிக்குமா?"

"ஆமா."

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "இதுல உசுரு இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"தெரியாதுக்கா. ஊத்துங்க."

சாமான் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். குழாயை அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தேன்.