உள்ளேன் ஐயா சொல்லாத சக்கரம்

பரிசோதனை அதிகாரி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே குனிந்தார். பிரேக் சரி. விளக்குகள் சரி. சொல்லிக்கொடுப்பவர் பக்கம் பொருத்தியிருந்த இரண்டாவது பிரேக் மிதியும் சரி. அதற்குப் பிறகு டாஷ்போர்டைப் பார்த்தார். பானைக்குள் மாட்டிக்கொண்ட ஆச்சரியக்குறியைப் போல அங்கே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"டயர் பிரஷர் லைட் எரியுதே மேடம்."

"காத்தெல்லாம் சரியா இருக்கு சார். காலையில நானே அடிச்சுப் பார்த்தேன்," என்றாள் அக்கா.

"இருக்கலாம். ஆனா இருக்குன்னு வண்டிக்குத் தெரியலையே. சென்சார் போயிருக்கும். இன்னைக்கு ஆஃபீஸ் மூடறதுக்குள்ள சரி பண்ணிட்டு வந்தீங்கன்னா இத மட்டும் பார்த்து விட்டுடறேன். இல்லேன்னா புதுசா தேதி வாங்கணும். அடுத்த மாசம்தான் கிடைக்கும்."

அடுத்த மாதம் என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். பல வருடங்கள் அடுத்தவர் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடன் வாங்கி இந்தப் பழைய காரை எடுத்து, தனியாகத் தொடங்கியிருந்தாள். பழகும்போதெல்லாம் இந்த வண்டி ஓடலாம். ஆனால் ஓட்டுநர் தேர்வுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் இந்தப் பரிசோதனையில் தேறிய சான்றிதழ் வேண்டும். அவளுடைய முதல் மாணவி, பேங்கில் வேலை பார்க்கும் கேஷியரம்மாவுக்கு வியாழக்கிழமை தேர்வு. முதல் ஆளையே தேர்வுக்கு அழைத்துப்போக முடியாத டீச்சரிடம் இரண்டாவது ஆள் எதற்கு வரப்போகிறார்?

பின் சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாருக்குப் பரீட்சை என்றாலும் அம்மா கூட வருவாள்.

"அந்த லைட்டு மேல கருப்பு டேப்ப ஒட்டிட்டா என்னடி?"

"சாவி போட்டதும் எல்லா லைட்டும் எரிஞ்சு அணையுதான்னு பார்ப்பாங்கம்மா. ஒண்ணு குறைஞ்சா அதுவும் ஃபெயில்."

"அந்தக் காலத்துல டயரக் கையால ஒரு தட்டு தட்டுவாங்க. காத்து இருக்கா இல்லையான்னு அதுவே சொல்லும். இப்ப அதுக்கும் ஒரு மிஷினு."

கம்பெனி ஷோரூமுக்குப் போனோம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய இளைஞன் திரையைப் பார்த்துக்கொண்டே, ஒன்று போனால் மற்றவையும் வரிசையாகப் போகும், அதனால் நான்கையும் மாற்றிவிடுவதுதான் நல்லது, கம்ப்யூட்டரில் பதிவு செய்யத் தனிக் கட்டணம், வண்டி நாளைக்குத்தான் கிடைக்கும் என்றான். அவன் சொன்ன தொகையைக் கேட்டு அம்மா, "ஏம்ப்பா, அந்த விலையில இன்ஜினையும் சேர்த்துக் கொடுப்பீங்களா?" என்று கேட்டாள். அவன் நிஜமாகவே திரையில் தேடப் பார்த்தான்.

அக்கா வெளியே வந்து வண்டியை எடுத்தாள். கோபம் வந்தால் அவள் குரல் இன்னும் தணிந்துவிடும். "கண்ணாடி பார்த்தாச்சு. சிக்னல் போட்டாச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாலையில் இறங்கினாள்.

பழைய பாலத்துக்குப் பின்னால் இருக்கும் டயர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் அக்காவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் பழைய போன் போல ஒரு கருவி இருந்தது. அதைச் சட்டைப்பையில் இருந்து எடுக்கும்போது அவருக்கே ஒரு பெருமிதம்.

"நாலு எதுக்கு டீச்சர்? போனத மட்டும் மாத்துவோம். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு நம்பர் இருக்கு. வண்டி ஸ்கூல் வாத்தியார் மாதிரி நாலு நம்பரையும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். நாலும் உள்ளேன் ஐயா சொல்லணும். ஒண்ணு சொல்லலேன்னா லைட்டு. நான் என்ன பண்ணுவேன், வெறும் சென்சார் ஒண்ணு எடுத்து, செத்துப்போனதோட நம்பர அதுல எழுதிடுவேன். ஆள் மாறினது வண்டிக்கே தெரியாது. கம்ப்யூட்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"எவ்வளவு ஆகும்ணே?"

அவர் சொன்னார். ஷோரூம் தொகையின் வாலைக்கூட அது தொடவில்லை. அம்மா உடனே, "கொஞ்சம் குறைச்சுக்கோங்க," என்றாள். அம்மா எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள்.

"எந்த வீல் டீச்சர்?"

"முன் இடது," என்றாள் அக்கா. "ஸ்கிரீன்லயே காட்டுது. பார்க்கிங் பழகறப்போ கேஷியரம்மா ஓரக் கல்லுல இடிக்கறது அந்த வீல்லதான். அடி வாங்கி வாங்கியே போயிருக்கும். பிரிங்கண்ணே."

அவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, இயந்திரத்தில் படுக்கவைத்து டயரை ரிம்மிலிருந்து பிரித்தார். காற்று அடிக்கும் வால்வின் உள்பக்கம் கட்டைவிரல் அளவில் ஒரு கருப்புப் பெட்டி. இத்தனை நாளும் இருட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருந்த ஒரு சின்ன உயிர் மாதிரி எனக்குப் பட்டது. அதைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கு மேசையில் போட்டார். முதுகில் அச்சிட்டிருந்த எண்ணைப் புதியதற்கு எழுதினார். மாட்டினார், மூடினார், காற்று அடித்தார்.

அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

கடைக்காரர் கருவியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அப்போ இது சென்சார் இல்ல டீச்சர். சிக்னல வாங்கற பெட்டியே போயிருக்கணும். அது ஷோரூம்லதான்."

அக்கா அங்கே அடுக்கியிருந்த பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. பழைய முதலாளி. ஊரில் எல்லோருக்கும் அவர் ஹாரன்தான். பேசினாலும் அப்படித்தான் கேட்கும். பக்கத்தில் நின்ற எனக்கே முழுதும் கேட்டது.

"என்னம்மா, காலையில வரிசையில என் வண்டியும் நின்னுச்சு. பார்த்தேன், பார்த்தேன். தனியா கடை போடறதுன்னா சும்மாவா? சரி விடு. கேஷியரம்மாவ இங்க அனுப்பிடு, வியாழக்கிழமைக்கு என் வண்டி ரெடி. நீயும் வந்துடு. உன் சீட்டு காலியாத்தான் இருக்கு."

"சார், இப்ப வண்டி ஓட்டிட்டிருக்கேன். ஓட்டறப்போ பேசக்கூடாது," என்று சொல்லி, டயரின் மேல் உட்கார்ந்தபடியே போனை வைத்தாள்.

வெயில் கடைக்குள் நீண்டு வந்து எங்கள் செருப்புகளைத் தொட்டது. மாலை ஆகிக்கொண்டிருந்தது.

அக்கா மாட்டிய சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அதன் முன்னால் குந்தினாள். ரிம்மின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே ஒரு முழுச் சுற்று வந்தாள்.

"டேய், இதுல கீறலே இல்லடா."

"நல்லதுதானே?"

"நல்லதில்ல. கேஷியரம்மா போன மாசம் கல்லுல உரசி, பிறை மாதிரி ஒண்ணு செதுக்கி வச்சாங்க. அது எங்க?"

அவள் எழுந்து பின்பக்கம் போனாள். மறுபடி குந்தினாள். "பிறை இங்க இருக்குடா!" என்று கத்தினாள். அக்கா கத்தி நான் அன்றுதான் கேட்டேன்.

விஷயம் இதுதான். கற்றுக்கொள்பவர்கள் வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருகுவார்கள். அதனால் முன் டயர்கள் சீக்கிரம் தேயும். அதற்காக அக்கா அவ்வப்போது முன்னால் இருப்பதைப் பின்னாலும், பின்னால் இருப்பதை முன்னாலும் தானே மாற்றிப் போடுவாள். இரண்டு வாரத்துக்கு முன்பும் மாற்றியிருந்தாள். வண்டிக்கு அது தெரியாது. பிள்ளைகள் பெஞ்சு மாறி உட்கார்ந்த பிறகும் வாத்தியார் பழைய இடத்தையே பார்த்துத் திட்டுவதைப் போல, பின்னால் போய்விட்ட சக்கரத்தை இன்னும் முன் இடது என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் நன்றாக இருந்ததைப் பிரித்துவிட்டோம்.

கடைக்காரர் கருவியைப் பின் இடது சக்கரத்தின் பக்கத்தில் வைத்து அழுத்தினார். பதிலே இல்லை. மேசையில் கிடந்த, கழற்றிய பெட்டியிடம் வைத்தார். உடனே கீச்சென்று சத்தம்.

"உள்ளேன் ஐயா!" என்றாள் அம்மா.

"முதல்லயே இப்படி வச்சுப் பார்த்திருக்கணும். ஸ்கிரீன நம்பிட்டேன்," என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "இன்னொரு புது சென்சார் போட்டுடலாமா டீச்சர்?"

"இருங்கண்ணே. இருங்க." அக்கா கையை உயர்த்தினாள். நாற்சந்தியில் மாணவரை நிறுத்துவதும் இதே கையால்தான். "புதுசுக்கு நம்பர மாத்தி எழுத முடியுமா? டயரப் பிரிக்காம?"

"பக்கத்துல வச்சா போதும், எழுதிடலாம்."

"அப்போ பின் வீல மட்டும் பிரிங்க. செத்ததோட நம்பர எடுத்து, முன்னாடி இருக்கற புதுசுக்கு எழுதிடுங்க. வண்டி அந்த நம்பர முன்னாடிதானே தேடுது? அது முன்னாடியே இருக்கட்டும். மேசையில கிடக்கற நல்லத பின்னாடி மாட்டுங்க. அத வண்டி பின்னாடி தேடுது. அது பின்னாடி இருக்கட்டும்."

கடைக்காரர் விரல்களை மடக்கி மடக்கி இரண்டு முறை யோசித்தார். மூன்றாவது முறை சிரித்துவிட்டார். "தப்பாப் பிரிச்சதுதான் நல்லதாப் போச்சு டீச்சர்! நாலு பேரும் அவங்கவங்க பெஞ்சுக்கு வந்துட்டாங்க. வேற எதுவும் வாங்க வேணாம்."

"அப்போ அந்த ரெண்டாவது டயரப் பிரிக்கற கூலி?" என்றாள் அம்மா.

"அது என் தப்புக்குச் சரியாப் போச்சும்மா."

"கொஞ்சம் குறை..." என்று பழக்கதோஷத்தில் தொடங்கி, அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

வேலை முடிந்து கிளம்பியும், பாலத்தின் ஏற்றத்தில் விளக்கு இன்னும் எரிந்தது. கொஞ்ச தூரம் ஓடினால்தான் வண்டி நான்கு பேரையும் கூப்பிட்டு முடிக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். உச்சியில், ஆறு முழுதும் வெயிலில் தகதகத்த இடத்தில், யாரோ கூப்பிட்டு எழுந்து போனவரைப் போல அந்த மஞ்சள் விளக்கு போய்விட்டது. பேசினால் திரும்பி வந்துவிடும் என்று மூவருக்குமே பயம்.

பரிசோதனை நிலையத்தின் கேட்டைக் காவலாளி பாதி இழுத்திருந்தார். அக்கா கண்ணாடியை இறக்கி, அந்தத் தணிந்த குரலில், "அண்ணே, அப்படியே நிறுத்துங்க. பின்னாடி போங்க. மெதுவா. போதும்," என்றாள். தான் என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் அவர் கேட்டைத் திறந்திருந்தார்.

அதிகாரி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டாஷ்போர்டில் எல்லா விளக்குகளும் எரிந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை. ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் ஒன்றுமே இல்லாத சுத்தமான இருட்டு மட்டும் இருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு அழகான இருட்டை நான் பார்த்ததில்லை.

"ஷோரூம்லயா பண்ணீங்க? நல்லா காசு கறந்திருப்பாங்களே."

"இல்ல சார். ஒரே ஒரு சென்சார்தான் மாத்தினோம்," என்றாள் அக்கா. ஒரே ஒரு என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள்.

முத்திரை விழுந்த சான்றிதழோடு வெளியே வந்ததும் அவள் ஹாரனைக் கூப்பிடவில்லை. கேஷியரம்மாவைக் கூப்பிட்டாள். "வாசல்ல நில்லுங்க, வரோம்."

பேங்க் இருந்த தெருவில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, டிக்கியிலிருந்து ஒரு பலகையை எடுத்தாள். அதில் அவள் பெயரும், கீழே ஓட்டுநர் பயிற்சி என்றும் எழுதியிருந்தது. சான்றிதழ் வரும்வரை மாட்டக்கூடாது என்று அதைத் துணியில் சுற்றியே வைத்திருந்தாள். வண்டியின் கூரைமேல் பொருத்தி, இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். அம்மாவும் இறங்கிப் பார்த்தாள். கேஷியரம்மா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, நேராக ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார்.

முதல் முறை இன்ஜின் குலுங்கி நின்றுவிட்டது.

"பரவாயில்ல," என்றாள் அக்கா. "அவசரமே இல்ல. மறுபடி."

வண்டி நகர்ந்தது.