அருள்மணி கடைசியாகச் சொன்னது

துணியை இரண்டாம் முறை இறுக்கிக் கட்டியும் அப்பாவின் வாய் முழுசாக மூடவில்லை. இளமதி உச்சந்தலையில் முடிச்சைப் பிடித்துக்கொள்ள, பக்கத்து வீட்டு சுபத்ரா தாடையை மெல்ல மேலே தூக்கிப் பார்த்தாள். கையை எடுத்ததும் உதடுகள் பழையபடி பிரிந்துகொண்டன.

"உசுரோட இருக்கும்போதே இந்த வாய மூட யாராலயும் முடில," என்றாள் சுபத்ரா. "இப்ப நம்ம ரெண்டு பேரு சொன்னா கேட்டுடுவாரா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் இளமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது வாசற்படியில் அண்ணன் ரஞ்சித்குமார் நின்றிருந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அப்பா அருள்மணி ஆரணி பஜாரில் ஒரு பட்டுக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவராக வாழ்நாள் முழுக்க நின்றவர். போளூரிலிருந்தும் சேத்துப்பட்டிலிருந்தும் கல்யாணப் பட்டு எடுக்க வருகிற குடும்பங்கள் படியேறும்போதே அவர் பெயரைச் சொல்லித்தான் கேட்கும். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இனி மாதக் கணக்குதான் என்று சொன்னபோது, இளமதி வேறு வைத்தியம் உண்டா என்று கேட்டாள். அவரோ, தீபாவளி வியாபாரத்தை முடித்துவிட்டுப் போனால் பரவாயில்லையா என்று டாக்டரைக் கேட்டார். முடித்துவிட்டுத்தான் படுத்தார். நர்ஸ் வெள்ளைப் போர்வையைப் போர்த்தினால், பார்டர் வைத்ததாக ஒன்றும் ஸ்டாக் இல்லையா என்று விசாரிப்பார். அதே மனிதர் தினமும் விடியலில் முழங்காலில் நின்று ஜெபித்தார். ஒரு ஞாயிறுகூட சர்ச்சுக்குப் போகாமல் இருந்ததில்லை.

இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கின்றன என்பது ரஞ்சித்துக்குப் பிடிபடவே இல்லை. சென்னையில் வங்கி வேலைக்குப் போன பிறகு அவன் ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்திருந்தான். அப்பாவுக்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தான். கடைசி நாட்களில் லீவு போட்டுவிட்டு வந்து, அவரைக் குளிப்பாட்டி, துடைத்து, துணி மாற்றியதெல்லாம் அவன்தான். ஒருதரம்கூட முகம் சுளிக்கவில்லை. அவன் அப்பாவிடம் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. போகும்போது ஒரு நல்ல வார்த்தை.

நேற்று சாயங்காலம் ஆயர் வந்து நற்கருணை கொடுத்தார். கொஞ்சம் நீளமாகவே ஜெபிக்கும்படி ரஞ்சித் அவரைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆயருக்கு அதைச் சொல்லவே வேண்டாம். வியாதியஸ்தர்களுக்காக ஜெபித்தார். தேசத்தை ஆளுகிறவர்களுக்காகவும், மழைக்காகவும், தறி ஓட்டுகிறவர்களுக்காகவும் ஜெபித்தார். அருள்மணி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஐயா," என்றார், காற்றைப் போன்ற குரலில். "ஆமென் சொன்னீங்கன்னா நான் கெளம்பிடுவேன்."

இளமதி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். கேஸ் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். வாசலில் ரஞ்சித் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அதன் பிறகு பிள்ளைகளிடம் அப்பா பேசவில்லை. விடிவதற்குச் சற்றுமுன் மூச்சு நின்றது.

இப்போது ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மரியாதைக்காகத் தெருவில் எல்லா வீட்டிலும் தறியை நிறுத்தியிருந்தார்கள். காலை ஜெபத்துக்கு ஆயருக்குப் பதிலாகச் சபை உபதேசியார்தான் வந்தார். ஆயர் படவேட்டுப் பக்கம் போயிருந்தார், நேராக சர்ச்சுக்கு வந்துவிடுவார் என்றார்கள். கடையில் கூட வேலை பார்த்த அருணாச்சலம் ஒரு பட்டு வேட்டியைப் பெட்டிமேல் வைத்து, கவுண்டரில் வைப்பதுபோல் ஓரத்தை நீவிவிட்டார். மடிப்புக் கலையாமல் பார்த்துக்கொள்ளும்படி அருள்மணியிடமே சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

ரஞ்சித் இளமதியைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தான். அடக்க ஆராதனையில் குடும்பத்தில் ஒருவர் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது அவர்கள் சபை வழக்கம். பிறந்தது, ஞானஸ்நானம், கல்யாணம், வேலை, முடிவில் அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான். இளமதி அதற்கே நேராகப் போனாள். 'கர்த்தாவே, உம்மிடம் வருகிறேன் என்று கைகூப்பிச் சொல்லிக் கண்மூடினார்.'

"இத எப்பண்ணா சொன்னாரு?"

"சொல்லணும்னு நெனச்சிருப்பாரு."

"சொன்னது வேற இல்ல?"

"அத படிக்கப் போறியா? சர்ச்சுல, எல்லார் எதிர்லயும்?" அவன் குரல் உயரவில்லை. "ஜெபம் நடந்துகினு இருக்கசொல்ல கேலி பண்ணிட்டு போயிட்டாரு, மதி. எங்க போனாருன்னு எனக்குத் தெரில. உனக்குத் தெரியுமா?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் கண்கள் சிவந்திருந்தன. கோபம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். பயம் என்று அப்போதுதான் புரிந்தது. அப்பாவை இனி எங்கேயும் பார்க்க முடியாமல் போய்விடுமோ என்கிற பயம்.

சர்ச் நிறைந்திருந்தது. பாதிப் பேர் தெருக்காரர்களும் கடைக்காரர்களும்; பாட்டுக்கு எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று முன்னால் இருப்பவர்களைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்கள். இளமதி மைக் முன்னால் போய் நின்றாள். பிறந்ததையும் கல்யாணத்தையும் வேலையையும் தடங்கலில்லாமல் வாசித்தாள். கடைசி வரியில் நின்றுவிட்டாள். முதல் பெஞ்சில் ரஞ்சித் தலைகுனிந்து, விரல்களைக் கோத்து உட்கார்ந்திருந்தான். அந்த வரியை வாசித்துவிட்டால் அவனுக்கு ஆறுதல். ஆனால் பெட்டிக்குள் படுத்திருப்பவர் வேறு யாரோ ஆகிவிடுவார்.

தாளை மடித்தாள்.

"ஆயர் ஐயா ஜெபம் பண்ணிகினு இருந்தாரு," என்றாள். "அப்பா சொன்னாரு: ஐயா, ஆமென் சொன்னீங்கன்னா நான் கெளம்பிடுவேன்."

பின்வரிசையிலிருந்து தும்மல்போல ஒரு சத்தம். அருணாச்சலம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், பிரயோஜனமில்லை. அவர் பெஞ்சு சிரித்தது, அடுத்த பெஞ்சு சிரித்தது. பாடகர் குழுவில் ஒருத்தி மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டாள். ரஞ்சித் நிமிரவே இல்லை. அப்பா போன அன்றைக்கே அண்ணனையும் விட்டுவிட்டோமோ என்று நினைத்தபடி இளமதி இறங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் நகர்ந்துகொள்ளவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

ஆயர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தில் துடைத்தார்.

"என் சம்சாரம் ரொம்ப நாளா சொல்றததான் அவரும் சொன்னாரு," என்றார். சபை மறுபடி சிரித்தது. அவர் முதல் பெஞ்சைப் பார்த்தார்.

"ஆனா தம்பி, நீங்க வெளிய போயிட்டீங்க. பாப்பா சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க. நான் ஆமென்னு சொன்னேன். அவரும் என் கையப் புடிச்சிகினு ஆமென்னு சொன்னாரு. நல்லா தெளிவா சொன்னாரு. அதுக்கப்புறம்தான் கண்ண மூடினாரு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிகினு இருந்தேன்."

பிறகு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். ரஞ்சித் மட்டும் இரண்டு அடிகள் பாடி முடிகிறவரை உட்கார்ந்தே இருந்தான். மூன்றாவது அடிக்கு எழுந்து, அப்பா பாடுகிற அதே அடிக்குரலில், சத்தமாகப் பாடினான்.

கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு. அதனால் முன்பே போய்ச் சேர்ந்த அம்மாவின் கல்லறையையே திறந்து, அவளுக்கு மேலே அப்பாவை வைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். வெயில் தணிந்திருந்தது. கயிறு இறங்கியது. பெட்டி ஒருபக்கம் சாய்ந்து, நேராகி, அடியில் உட்கார்ந்தது. அப்பாவின் குறட்டை தெருவுக்கே தெரிந்தது. அதைத் தாங்க முடியாமல் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்ப் படுத்த ராத்திரிகளை இந்த இரண்டு பிள்ளைகளும் அறிவார்கள்.

ரஞ்சித் குழிக்குள் பார்த்தபடியே, உதடு அசையாமல் அவளிடம் சொன்னான்.

"அம்மா இனிமே தூங்கினாப்லதான்."

இளமதி அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் இருவராலும் முடியாது என்று தெரியும். ஆயர் தலையசைத்தார். அண்ணனும் தங்கையும் ஒன்றாகக் குனிந்து ஈரமண்ணை ஒரு கைப்பிடி அள்ளினார்கள்.