போகப் பதினான்கு, வரப் பதினைந்தரை

1

இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று என் கதாநாயகிக்குத் தெரிய வேண்டியிருந்தது. தேடிப் பார்க்க அலுப்பு. பயண அலுவலகத்தில் டிக்கெட் போடும் என் நாத்தனாருக்கு போன் செய்தேன்.

"பன்னெண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர், அண்ணி. போகப் பதினாலு மணி நேரம், வரப் பதினஞ்சரை."

"ஒரே தூரம்தானேடி?"

"வரும்போது எதிர்க்காத்து."

(அந்தத் தூரம் பூமி உருண்டையின்மேல் இழுத்த மிகக் குறுகிய கோடு. எந்த விமானமும் அதன்மேல் அப்படியே பறப்பதில்லையாம்.)

கணினியைக்கூடத் தட்டாமல் எப்படிச் சொன்னாள்? போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த ஊரில்தான் அவள் கணவர் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

2

அத்தோடு என் கதாநாயகி நாத்தனாராகவே மாறிவிட்டாள்.

அவள் ஜன்னலோரம் அமர்ந்து மேகங்களை...

வேண்டாம். என் நாத்தனார் நடைபாதை ஓர இருக்கைதான் கேட்பாள்.

நான்கு வருடங்களாக அவளை ஏங்கவைத்த அந்தக் கல்நெஞ்சக்காரன்...

இதைப் படித்துக் காட்டியதும் சண்டைக்கு வந்தாள். "அவரு அப்படியெல்லாம் இல்ல அண்ணி. நான் சாப்பிட்டேனான்னு தினமும் கேக்குற ஆளு. கணக்குல புலி, அவ்வளவுதான்."

கல்யாணமான வருடம் இருவரும் சிரித்துக்கொண்டே ஒரு ஏற்பாடு செய்தார்கள்: யாருக்குப் பயணம் குறைவோ அவரே போய்ப் பார்ப்பது. அவளுக்குப் பதினான்கு மணி நேரம், அவருக்குப் பதினைந்தரை. நான்கு வருடமும் அவள்தான் போனாள். அவள் குடியிருக்கும் வீட்டை அவர் போன் திரையில்தான் பார்த்திருக்கிறார்.

இந்த வருடம் அவள் தனக்கு டிக்கெட் போடவில்லை.

3

இங்கே எழுத்து நின்றது. போனவள் திரும்பி வர வேண்டுமே! பதினான்கும் பதினைந்தரையும் இருபத்தொன்பதரை. அவர் வந்து திரும்பினாலும் அதே இருபத்தொன்பதரை. பாலம் கட்டுகிறவர், பாதிக் கணக்கோடு நான்கு வருடம் ஓட்டியிருக்கிறார்!

"முதல் வருஷமே எனக்குத் தெரியும் அண்ணி," என்றாள். "நாள் முழுக்கப் போக வர டிக்கெட் போடுறவ நான்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னா அடுத்த விமானத்துல வந்து நிப்பாரு. கணக்குக்காக வருவாரு. என்னைப் பாக்கணும்னு வரட்டும்." என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "இத எழுதாதீங்க. உங்க கதை ஒண்ணு விடாம படிப்பாரு."

"அவரா?"

"அழக்கூட செய்வாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

4

[மூன்றாம் பகுதியை நீக்கினேன். கதை நொண்டியது. திரும்பச் சேர்த்துவிட்டு அவளிடம் அனுமதி கேட்டேன். இரண்டு நாள் கழித்து, "எழுதுங்க. ஆனா முடிவ நீங்க எழுதக் கூடாது" என்றாள்.]

முதல் முடிவு: கதை அச்சாகும் முன்பே, கையில் பெட்டியும் முகத்தில் அசட்டுச் சிரிப்புமாக அவர் வந்து நிற்கிறார்.

இரண்டாவது: படித்துவிட்டு வருகிறார். அதே பெட்டி, அதே அசட்டுச் சிரிப்பு. இரண்டிலும் அவள் கேட்பது ஒன்றுதான்: "நீங்களா வந்தீங்களா, அண்ணி வரவழைச்சாங்களா?"

மூன்றாவது ஒன்றும் உண்டு. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மற்ற வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, இந்த வரிக்கு நீங்கள் வந்துசேரும்போது இன்னும் அங்கேயே இருந்தால், முதல் முடிவு கைநழுவிவிட்டது. இரண்டாவது மிச்சம். அவள் கேட்கும்போது மழுப்பாதீர்கள். படித்துவிட்டுத்தான் வந்தேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதன் பிறகு அவள் கதவைத் திறப்பாளா, வாசலிலேயே நிறுத்திவைப்பாளா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.