வெடியை நிறுத்துகிறவள்

கப்பலில் எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது. அவளுக்கு மட்டும் அடுத்தவர்கள் வேலையை நிறுத்துவதுதான் வேலை. இப்படி ஒரு உத்தியோகத்தில் இருக்கிறவளுக்கு யார் சிரித்த முகம் காட்டுவார்கள், நீங்களே சொல்லுங்கள்!

விஷயம் இதுதான். அது கடலுக்கு அடியில் எண்ணெய் தேடுகிற கப்பல். பின்னால் நீளநீளமான கேபிள்களை இழுத்துக்கொண்டு, சைக்கிளில் போகிறவனைவிட மெதுவாக, கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். தண்ணீருக்குள் காற்றுத் துப்பாக்கிகள் வரிசையாகத் தொங்கும். மூச்சு விட்டு முடிப்பதற்குள் ஒரு 'தொம்', அடுத்த மூச்சுக்கு இன்னொரு 'தொம்'. அந்தச் சத்தம் கடலடி மண்ணில் மோதித் திரும்புவதைக் கேபிள்கள் கேட்டுச் சொல்லும். மேலே இருக்கிற மனிதர்களுக்கு அது காலடியில் ஓர் அதிர்வு, அவ்வளவுதான். தண்ணீருக்குள் காதை நம்பியே பிழைப்பு நடத்துகிற திமிங்கிலத்துக்கு அப்படியா?

ஆகவே ஒரு சட்டம். திமிங்கிலமோ ஆமையோ பக்கத்தில் தென்பட்டால் வெடியை நிறுத்த வேண்டும். அது கடைசியாகக் கண்ணில் பட்டதிலிருந்து அரை மணி நேரம் தலைகாட்டாமல் இருந்தால்தான் மறுபடி தொடங்கலாம். நடுவில் ஒரே ஒரு தடவை மூச்சு விட மேலே வந்தாலும் போச்சு, அரை மணி நேரம் முதலிலிருந்து. இதைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள்தான் இவள். மேல்தளத்தில் பைனாகுலரும் வாக்கிடாக்கியுமாகப் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பாள். 'நிறுத்துங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பெரிய கப்பலும் வாயை மூடிக்கொள்ளும். அவளுக்குக் கப்பலில் வைத்திருந்த பெயர் பிரேக் மேடம்.

முதல் மாதம் அந்த வெதுவெதுப்பான கடலில் என்னதான் வரவில்லை! காலையில் தளத்தில் பறக்கும் மீன்கள் செத்துக் கிடக்கும். டால்பின்கள் கூட்டமாக வந்து கப்பலின் மூக்குக்கு முன்னால் கூத்தடித்துவிட்டுப் போகும். கரை கண்ணுக்கே எட்டாத இடத்தில் ஒருநாள் தும்பிகள் மேகமாக வந்து கம்பிகளில் உட்கார்ந்து, இளைப்பாறி, எழுந்து போயின. இன்னொரு நாள் ஆமை ஒன்று தூங்கிக்கொண்டே மிதந்து வந்தது. அதன் முதுகில் ஒரு கடல் பறவை, வாடகை கொடுத்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாரிடமாவது காட்டலாமென்று திரும்பினாள், ஒருவரும் இல்லை. வாக்கிடாக்கியில் நிறுத்தச் சொன்னாள். கீழே யாரோ சலித்துக்கொண்டது காதில் விழுந்தது.

மெஸ்ஸில் அவள் தட்டை வைத்தால் அந்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சட்டென்று வயிறு நிறைந்துவிடும். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. "வாங்க மேடம், உப்பு வேணுமா மேடம்" என்பார்கள். அந்த மேடத்தை வைத்து எத்தனை நாள்தான் சாப்பிடுவது?

வீட்டிலும் வாழ்ந்து கொட்டிவிடவில்லை. கல்யாணம் ஆகாமலே வயது நாற்பத்தாறு. இருப்பது தம்பி வீட்டில். அவள் கடலுக்குப் போகிற மாதங்களில் அவளுடைய அறையில் தம்பி மனைவி இஸ்திரி மேசையையும் பழைய தொட்டிலையும் போட்டுவைப்பாள். திரும்பி வரும்போது, "அடடா, நாளைக்குத்தான் வருவீங்கன்னு நெனச்சேன் அண்ணி," என்று ஒவ்வொரு தடவையும் அவசரமாக எடுத்துப் போடுவாள். பாவம், நல்ல பெண்தான். குறை சொல்ல முடியாது. ஆனாலும் தன் கட்டிலைப் பார்க்கத் தொட்டிலை நகர்த்த வேண்டியிருக்கிறதே!

இரண்டாவது மாதம் கடல் காலியாகிவிட்டது. ஏனென்று தெரியாது. வாலும் இல்லை, துடுப்பும் இல்லை. வெடி நிற்காமல் போனது. கப்பல் ஓடி முடிக்க வேண்டிய நேர்கோடுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஆட்கள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்தது.

முதலில் பேச வந்தவன் வெடிக்காரன். காற்றுத் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக். முப்பது வயசு, வாய் ஓயாது. ஒரு மத்தியானம் மெஸ்ஸில் அவளெதிரே தொப்பென்று உட்கார்ந்தான்.

"மேடம், ஒரு உண்மை சொல்லுங்க. கடல்ல இருந்த எல்லாத்துக்கும் லீவு குடுத்து அனுப்பிட்டீங்களா?"

"ஆமா, போனஸோட," என்றாள்.

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் 'மேடம்' போய் 'அக்கா' வந்தது. அதற்கு மறுநாள் சமையல்காரரும் வந்து உட்கார்ந்தார். சாயங்காலம் கேரம் ஆட்டத்தில் ஓர் ஆள் குறைந்தால், "அக்காவக் கூப்பிடுடா," என்று குரல் வர ஆரம்பித்தது. வெடிக்காரன் மேசையில் தன் பக்கத்து நாற்காலியின் மேல் தொப்பியைப் போட்டு வைப்பான். யாராவது உட்காரப் போனால், "டேய், அது அக்கா இடம்," என்பான்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் அந்த நாற்காலிக்காகவே பசியோடு காத்திருந்தாள். இந்த வயதில் இதற்கா இப்படி அலைவது என்று தன்னையே திட்டிக்கொள்வாள். ஆனாலும் படியிறங்கும்போது தொப்பி தெரிகிறதா என்றுதான் கண் முதலில் போகும். ஒன்று மட்டும் அவளுக்கே உறைத்தது. முன்பெல்லாம் கடலில் ஏதாவது தெரியாதா என்று பார்ப்பாள். இப்போது எதுவும் தெரிந்துவிடக் கூடாதே என்று பார்த்தாள்.

வெடிக்காரன் மனைவிக்கு இது நிறைமாதம். போன தடவை அவன் கடலில் இருந்தபோது ஏழாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போய்விட்டது. "எல்லாம் முடிஞ்சு, அவ வீட்டுக்கு வந்தப்புறம்தான் நான் போய்ச் சேர்ந்தேங்க்கா. கதவத் திறந்தவ என்னைப் பார்த்து, 'சாப்ட்டியா'ன்னு கேட்டா. வேற ஒண்ணும் கேக்கல." இதைச் சொன்ன அன்று மட்டும் அவன் வாய் ஓய்ந்திருந்தது. இந்தத் தடவை டாக்டர் ஆபரேஷன் என்று சொல்லி நாளும் குறித்துவிட்டார். அதற்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் கடைசிக் கோடு முடிந்தால் விடிந்ததும் துறைமுகம். ராத்திரிக்குள் வீடு. அதற்கு அடுத்த நாள் காலையில் ஆபரேஷன். கணக்கு கச்சிதமாக இருந்தது.

அந்தக் கடைசிக் கோடு அன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்!

மதியச் சாப்பாடு முடிந்து அவள் மேலே வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில், முன்னால் வலது பக்கம் வெள்ளையாக ஒரு மூச்சு எழுந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று, குட்டியாக. பைனாகுலரைச் சரிசெய்தாள். திமிங்கிலங்கள், தாயும் குட்டியும். குட்டி பிறந்து நாளாகவில்லை. வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த மடிப்பு இன்னும் உடம்பில் தெரிந்தது.

கை தானாக வாக்கிடாக்கிக்குப் போனது. "நிறுத்துங்க."

வெடி நின்றது. கீழேயிருந்து வெடிக்காரன் குரல் வந்தது. "அட, லீவு முடிஞ்சு வந்துட்டாங்களா! பரவால்லக்கா, அரை மணி நேரம்தானே."

அரை மணி நேரம் முடிகிற சமயத்தில் தாய் மறுபடி மூச்சு விட்டது. கப்பல் போகிற திசையிலேயே, கப்பலின் வேகத்திலேயே, கல்யாண ஊர்வலத்தில் கூட வருகிறவள் மாதிரி வந்துகொண்டிருந்தது. அவள் சொன்னாள். மறுபடி அரை மணி நேரம்.

"ஏண்டி, உனக்கு வேற கடலே கிடைக்கலையா?" என்று திமிங்கிலத்தைத் திட்டினாள். "எவ்வளவு பெரிய தண்ணி கிடக்கு, என் தலையிலதான் வந்து விடியணுமா? போ தாயி, குட்டியக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போயிரு." பார்த்துக் காப்பாற்ற வந்தவள், போய்த் தொலை என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கேட்டால் சிரிப்பீர்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாய் வேகமாக நீந்தும், ஆழத்துக்கும் போகும். குட்டியால் இரண்டும் ஆகாது. அதனால்தான் இரண்டும் கப்பலை விட்டு விலகாமல் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தன.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து சர்வே அதிகாரி பேசினார். "மேடம், கோட்டுல வெடி விழாத இடைவெளி பெரிசாகுது. இன்னொரு தடவை ஆச்சுன்னா இந்தக் கோட்டைக் கைவிட்டுட்டுத் திரும்பி வந்து முதல்லேருந்து ஓட்டணும். ரெண்டு நாள் கூடுதலாகும். சும்மா தகவலுக்குச் சொல்றேன்."

அந்த இரண்டாவது அரை மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது வெடிக்காரன் படியேறி வந்தான். கையில் அவளுக்கு ஒரு டீ. கொடுத்துவிட்டுப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வீட்ல பேசினியா தம்பி?"

"பேசினேன். பையெல்லாம் எடுத்து வச்சாச்சாம். 'நீ வந்துருவேல்ல'ன்னு நாலு தடவ கேட்டா." தலையைக் குனிந்துகொண்டான். "வந்துருவேன்னுட்டேன்."

பொய் சொல்லுங்கள் என்று அவன் கேட்கவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். அப்படி ஒரு வழி இருப்பதே அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில்தான் தூரத்தில் மூச்சு எழுந்தது. முதலில் பெரியது, பிறகு சின்னது. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. பைனாகுலர் இல்லாத கண்ணுக்கு அது ஒன்றும் தெரிந்திருக்காது. அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மூச்சைப் பார்த்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

"போயிருச்சாக்கா?"

அவள் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "போயிருச்சு," என்றாள்.

"நெஜமாவா!" அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். அரை மணி நேரம் முடிந்தது. அவள் வாக்கிடாக்கியில் சரி சொன்னாள். கீழே யாரோ விசிலடித்தார்கள்.

வெடியை எடுத்த எடுப்பில் முழுதாகப் போடமாட்டார்கள். முதலில் இருப்பதிலேயே சின்னத் துப்பாக்கி ஒன்று, பிறகு இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். விலகிப் போகிறவர்கள் போகட்டும் என்று ஓர் ஏற்பாடு. முதல் வெடியில் தாய் நின்றது. இரண்டாவதில் கப்பலுக்கும் குட்டிக்கும் நடுவில் வந்து தன் உடம்பைக் குறுக்கே போட்டது. குட்டி அதன் முதுகில் ஏறப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்தது. தாய் ஓடவில்லை. அது மட்டும் தனியாக இருந்திருந்தால் இந்நேரம் அடிவானத்தைத் தாண்டியிருக்கும். துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர, காலடித் தகட்டில் அதிர்வு தடித்துக்கொண்டே வந்தது. பத்து நிமிஷம் பொறுத்தாள். இதற்குமேல் முடியாது என்று ஆனது.

"நிறுத்துங்க. நிறுத்துங்க!"

வெடி நின்றது. சர்வே அதிகாரி நிதானமாகக் கேட்டார். "புதுசா ஏதாவது வந்திருக்கா மேடம்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. புதிதாக ஒன்று வந்துவிட்டது, என் கெட்ட நேரம், யார் என்ன செய்ய முடியும் என்று எல்லோரும் சேர்ந்து உச்சுக் கொட்டியிருப்பார்கள். நாற்காலியும் பிழைத்திருக்கும். ஆனால் பொய் ஒன்றைச் சொல்லி அந்தத் தாய் பட்ட பாட்டைப் பார்த்தவளுக்கு அடுத்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"இல்ல சார். அதே தாயும் குட்டியும்தான். போகவே இல்ல. நான்தான் போயிருச்சுன்னு சொன்னேன்."

வாக்கிடாக்கி கப்பல் முழுக்கக் கேட்கும். கேப்டன் கோட்டைக் கைவிடச் சொன்னார். கப்பல் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது.

வெடிக்காரன் மேலே வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"நான் பக்கத்துல நின்னப்பவே அது அங்க இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எனக்காகத்தான் போயிருச்சுன்னீங்களா?"

உனக்காகவும்தான், உன் பக்கத்து நாற்காலிக்காகவும்தான் என்று நெஞ்சு வரைக்கும் வந்தது. "ஆமா தம்பி," என்றாள்.

அவன் கடலைப் பார்த்தபடி பேசினான். "நீங்க நிறுத்துறப்பல்லாம் கீழ பசங்க திட்டுவானுங்க. நான்தான் சொல்லுவேன், 'அவங்க என்னடா பண்ணுவாங்க, சட்டம் அப்படி'ன்னு. இத்தன நாளும் சட்டம்னுதான் நெனச்சேன். உங்க கையிலதான் இருந்துச்சுன்னு தெரியாமப் போச்சு."

"அப்படி இல்லப்பா..."

"சாயங்காலம் வரைக்கும் கண்ண மூடிக்கிட்டிருந்தா நான் வீட்டுக்குப் போயிருப்பேன். நீங்க பத்து நிமிஷம் மூடினீங்க." அவன் குரலில் கோபமே இல்லை. "எனக்குப் பத்து நிமிஷம்தான் தேறுச்சு, இல்லக்கா?"

அவள் தொடாமலே ஆறிப்போயிருந்த டீயை எடுத்துக்கொண்டு அவன் இறங்கிப் போனான்.

கப்பல் திரும்பிக்கொண்டே இருந்தது. தாயும் குட்டியும் இப்போது பக்கவாட்டில் வந்து, பின்னால் போய்க்கொண்டிருந்தன. பெரிய மூச்சு ஒன்று எழுந்தது. அதன் கூடவே சின்னது. அவள் வழக்கம்போல வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனாள். வெடியே இல்லாதபோது இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பொத்தானை அழுத்தாமலே அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.