கையுறை விரலில் எட்டுக் கல்

...எட்டுதான், பிறகு ஒன்பது என்று ஏன் தோன்றுகிறது, பித்தப்பை கிழிந்து கற்கள் கேமராத் திரை முழுக்கச் சிதறியபோது எண்ணவா முடிந்தது டாக்டர் அகல்யாவால், ஸ்கேன் எழுதியவரும் "பல கற்கள்" என்று முடித்துவிட்டார், பல என்றால் எத்தனை? கையுறையின் விரலை வெட்டி, பையாகத் துளை வழியே வயிற்றுக்குள் விட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாயிற்று, உப்புநீர் விட்டு உறிஞ்சியாயிற்று, கல்லீரலுக்கு அடியில் மூன்று முறை தேடியாயிற்று... ஆனால் மிளகளவில் ஒன்று குடலுக்குப் பின்னால் உருண்டதைப் பார்த்தேனே, பார்த்தேனா, கேமராவில் தெறித்த பித்தநீர்ப் புள்ளிதானோ அது? "ஜோசபின், நீ பாத்தியா?" தியேட்டர் நர்ஸ் ஜோசபின் நிமிரவில்லை. "நான் உங்க கையைப் பாத்துட்டு இருந்தேன் மேடம்." ஒரு மிளகுக்காக வயிற்றைத் திறப்பதா, கூடாது, உள்ளே தங்கும் கல் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும், பெரும்பாலும்... போன வருஷம் தாபோடியிலிருந்து வந்த நோயாளி சுப்பையாவுக்குச் சும்மா கிடக்கவில்லையே. வேறு யாரோ ஒரு சர்ஜன் உள்ளே விட்ட கல், சீழ் கட்டி, மூன்று மாதம் காய்ச்சல், காரணம் தெரியாமல் டிபி மாத்திரை வேறு. ஆபரேஷன் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா அந்த மனிதர் என்று வார்டே கேட்கக் கத்தினேனே, அந்த மனிதருக்கும் இப்படித்தான் இருந்ததோ, பார்த்தோமா இல்லையா என்று?

தையல் முடிந்தது. வெளியே, நோயாளி பட்டுவின் கணவர் சுந்தரராமன் கல் போட்ட குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் குலுக்கிப் பார்த்தார். கல்லைக் கண்ணில் காட்டினால்தான் வீட்டுக்காரர்களுக்கு ஆபரேஷன் நடந்ததாகவே நம்பிக்கை. "இவ்வளவையும் வச்சிண்டு நேத்திக்கு வடா பாவ் கேட்டா டாக்டர், மிளகாயோட." சிரித்தார். "எல்லாம் எடுத்துட்டேளோன்னோ?" எடுத்தாச்சு என்று சொன்னால் போதும், குப்பியே சாட்சி, ஔந்தில் இருக்கும் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நிம்மதியாக இருப்பார், ஆனால்... "எட்டு எடுத்தேன். ஒண்ணு உள்ள இருக்கலாம். ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன், எப்ப காய்ச்சல் வந்தாலும், எந்த டாக்டரானாலும் அதைக் காட்டுங்க."

அவர் சிரிப்பு நின்றது. "இருக்கா, இல்லையா?"

"தெரியல."

தெரியலதான், ஆனால் எழுதியிருக்கேன் என்று எப்படி வந்தது வாயில், பேனா இன்னும் பையில், ரிப்போர்ட்டில் அந்த இடம் வெறுமையாக... அவருக்காகச் சொன்னதா, இல்லை, இனி எழுதாமல் தப்பிக்க முடியாதபடி தனக்காகவே சொல்லிக்கொண்டதா?